சால மரமும் என் மச்சினனும்

சுங்கைப் பட்டாணியில் நான் பெயர்ப்பலகைக் கடை வைத்திருக்கிறேன். கடைப் பெயர், வீட்டு எண், கோவில் அறிவிப்பு, கிளினிக் திறக்கும் நேரம், இங்கே வண்டி நிறுத்தாதீர் என்று எதுவானாலும் செய்து தருவேன். வேறு சில கடைகளில் தமிழைக் கணினி மொழிபெயர்ப்பில் போட்டு வந்தபடியே அடித்துவிடுவார்கள். கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக எழுத்து சிதறிக் கிடக்கும். என் கடையில் அப்படி வராது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதில் எனக்குக் கர்வமும் உண்டு. நடந்ததெல்லாம் அந்தக் கர்வத்தால் நடந்தது என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள் அப்படித் தோன்றுவதில்லை.

கெடா மாநிலத்தின் வடக்கே, தாய்லாந்து எல்லையோரக் கம்பங்களில், அதாவது சிற்றூர்களில், சயாமியர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். அப்படி ஒரு கம்பத்திலுள்ள புத்தர் கோவிலின் செயலாளர் ஒரு நாள் கடைக்கு வந்தார். அறுபதை நெருங்கும் பெண்மணி. என்னைவிட நன்றாக மலாய் பேசினார். கோவில் வளாகத்தில் நிற்கும் மரம் ஒன்றுக்குப் பலகை வேண்டும் என்றார். மலாய், சயாம், சீனம், தமிழ் என்று நான்கு மொழியில் பெயர், அடியில் தாவரவியல் பெயர். வேண்டுதலுக்காகத் தமிழர்களும் அங்கே வருகிறார்களாம்.

“மரத்தின் பெயர் சாலா. இதன் கீழேதான் புத்தர் பிறந்தார்,” என்று கைப்பேசியில் படத்தைக் காட்டினார்.

படத்தில் இருந்தது நாகலிங்க மரம். அடிமரத்திலிருந்தே கயிறு கயிறாகத் தொங்கும் காம்புகள், அவற்றில் ரோஜா நிறப் பூ, பூவுக்கு நடுவில் படம் விரித்த பாம்பு மாதிரி ஒரு வளைவு. திகாம் பத்து பக்கம் நான் பிறந்த தோட்டத்தில் கோவிலுக்குப் பின்னால் இதே மரம் ஒன்று நின்றது. பீரங்கிக் குண்டு போன்ற அதன் காய் விழுந்து உடைந்தால் இரண்டு நாளைக்கு அந்தப் பக்கம் போக முடியாது. அந்த நாற்றத்தை நான் எங்கே கண்டாலும் அடையாளம் சொல்வேன்.

“இதை நாங்கள் நாகலிங்கம் என்போம்,” என்றேன் மலாயில்.

“நீங்கள் என்ன சொல்வீர்களோ தெரியாது. இது சாலா,” என்றார் அவர்.

அப்போது ரப்பர் முத்திரை வாங்க வந்து நின்ற ஒரு மலாய்க்காரர், மேசையில் அவர் எழுதி வைத்திருந்த தாளை எட்டிப் பார்த்தார். “சாலாவா? ஒரு எழுத்து விட்டுப் போச்சே,” என்றார். மலாயில் சாலா என்றால் தவறு, பிழை. அதன் கடைசியில் ஹ எழுத்து வரும். தவறு என்ற சொல்லையே தவறாக எழுதியிருக்கிறோம் என்று நினைத்து அவர் சிரித்தார். செயலாளர் சிரிக்கவில்லை.

அளவெடுக்க நான் வேனை எடுத்துக்கொண்டு வடக்கே போனேன். வாசலிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டபோது, “சாலாவில் இருங்கள், வருகிறேன்,” என்றார் செயலாளர். நான் மரத்தடியில் போய் நின்றேன். அரை மணி நேரம் யாரும் வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. அந்த நேரம் முழுக்க அவர் எதிர்ப்பக்கம் தூண் வைத்த திறந்த மண்டபத்தில், குளிர்ந்த தண்ணீரை வைத்துக்கொண்டு, எனக்காகக் காத்திருந்திருக்கிறார். சயாம் மொழியில் அந்த மண்டபத்துக்கும் சாலா என்றுதான் பெயர்.

“மரமும் சாலா, மண்டபமும் சாலா என்றால் வெளியூர்க்காரன் எங்கே நிற்பான்?” என்று கேட்டேன்.

“இது வரை யாரும் தவறான இடத்தில் நின்றதில்லை,” என்றார் அவர்.

போகும்போது கோவில் துண்டுப் பிரசுரம் ஒன்றைக் கொடுத்தார். அதில் ஆங்கிலத்தில் ஒரு வரி: சாலா என்பது பிராகிருதச் சொல். வடநாட்டில் ஒரு காலத்தில் சாதாரண சனங்கள் பேசிய மொழிக்குப் பிராகிருதம் என்று பெயர், இவ்வளவுதான் அதைப் பற்றி எனக்குத் தெரியும். பலகையில் தமிழுக்கு என்ன போடுவது என்று தெரியாமல் வேலையை முடிக்கவும் முடியாது. இணையத்தில் தேடினேன். ஆங்கிலத்தில் பொருள் சொல்லும் பிராகிருத அகராதி ஒன்று அகப்பட்டது.

அதைத் திறந்த பிறகு எனக்கு மூன்று நாள் வேறு வேலை ஓடவில்லை. வடமொழியில் மூன்று விதமாக ஒலிக்கும் சகரங்கள் பிராகிருதத்தில் ஒன்றாகிவிடுமாம். அதனால் தனித்தனியாகக் குடியிருந்த பல சொற்கள் ஒரே உருவத்தில் வந்து நிற்கின்றன. சாலம் என்றால் மரம், அதே சாலம் மதில். கடைசி எழுத்து நீண்டால் வீடு, மண்டபம். நம்முடைய பாடசாலையும் வைத்தியசாலையும் தொழிற்சாலையும் அந்த வழியில் வந்தவை. சமணர்கள் ஒரு செடியை வேரிலிருந்து விதைவரை பத்து உறுப்பாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்த வரிசையில் கிளை என்பதற்கும் இதே சொல்தான். ஆக மரமும் அதுவே, மரத்தின் ஒரு பகுதியும் அதுவே. தமிழ் அகராதியைப் புரட்டினால் சாலம் என்பதற்கு வலை, சன்னல், மாயவித்தை என்று இன்னும் நாலைந்து பொருள். நடுவில் ஆச்சா மரம் என்று ஒன்று. ஆச்சா மரத்தை நான் வாழ்நாளில் கண்டதில்லை. தாவரவியல் பக்கம் போனால் உண்மையான சால மரம் ஷோரியா இனமாம். எங்கள் வீட்டுக் கதவு செய்த மெராந்திப் பலகை அதற்கு நெருங்கிய சொந்தமாம். நாகலிங்கமோ தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, சாலத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லையாம். புத்தர் பிறந்த காலத்தில் அந்த மரம் இந்தியாவிலேயே கிடையாது.

பிராகிருத அகராதியில் இன்னொரு பொருளும் இருந்தது. சாலன் என்றால் மனைவியின் உடன்பிறந்தவன், மச்சினன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வழக்கம்போல மதியச் சாப்பாட்டுக்கு வந்தான். என் மனைவிக்கு ஒரே தம்பி. ஐம்பதைத் தொடப்போகிறான், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சிடாம் கிரியில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருக்கிறான். பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில், மலாயில் சொன்னால் கிலாங்கில், சூப்பர்வைசர். அவன் கீழே வேலை செய்பவர்களில் பாதிப் பேர் நேப்பாளிகள்.

நான் மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் மீன் குழம்புக்கு நடுவே கொட்டினேன். மச்சினன் முதலில் பாதிதான் கேட்டுக்கொண்டிருந்தான். சாலா என்ற சொல் காதில் விழுந்ததும் தலையைத் தூக்கினான்.

“மாமா, எங்க கிலாங்குல நேப்பாளக்காரன் ஒருத்தன் இருக்கான்லா. ரெண்டு வருஷமா என்னை அப்படித்தான் கூப்பிடுறான். நான் தலைவர், போஸ் அப்படி ஏதோ அர்த்தம்னு நெனச்சிட்டிருந்தேன்.”

“தலைவர் இல்ல. மச்சான்னு அர்த்தம்,” என்றேன்.

அவன் முகம் மலர்ந்தது. “அப்படியா? அப்ப நான் அவனுக்குச் சொந்தக்காரன்,” என்று அக்காவைப் பார்த்துச் சொன்னான். “அக்கா, நமக்கு நேப்பாளத்துல சம்பந்தம் இருக்கு பாத்துக்க.”

அங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு இன்னும் ஒரு விஷயம் தெரியும், அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எழுந்து போய்க் கைப்பேசியை எடுத்து வந்து வாசித்தேன். வட இந்தியாவில் பல மொழிகளில் அந்தச் சொல் வசவாகிவிட்டது. வேறொரு ஆணைப் பார்த்து அப்படிச் சொன்னால், உன் அக்கா தங்கை என் கைக்குள் என்று பொருள். தெருவில் அடிதடி நடக்கும்.

என் மனைவி கரண்டியைச் சட்டியில் வைத்தாள். “சாப்பிடுற நேரத்துல இது தேவையா உங்களுக்கு?” என்றாள்.

மச்சினன் தட்டைத் தள்ளி வைத்தான். தட்டில் பாதி சோறு இருந்தது. எழுந்து கையைக் கழுவிக்கொண்டு, வேலை இருக்கிறது என்று கிளம்பினான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஒரு வேலையும் கிடையாது.

மறுநாள் தொழிற்சாலையில் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எல்லாரும் இருக்கும்போது அவன் அந்த நேப்பாளியிடம் போய், சாலா என்றால் என்ன அர்த்தம் என்று மலாயில் கேட்டிருக்கிறான். சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்த மனிதர் ஏதோ விளக்க வாயெடுத்திருக்கிறார். சிரிப்புக்கு நடுவே அது யாருக்கும் கேட்கவில்லை. அன்று மத்தியானமே மச்சினன் அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்தான். அந்த ஆளுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, கட்டடத்தின் மறுகோடியில் பெட்டி அடுக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். அதன் பிறகு நேப்பாளிகள் யாரும் மச்சினனிடம் வேலையைத் தவிர வேறு பேசுவதில்லை. இரண்டு வருஷமாக அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டவன் தனியாகச் சாப்பிட்டான்.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அவன் அக்கா கூப்பிட்டபோது காய்ச்சல் என்றான்.

“உங்களுக்கு ஏன் அந்த அகராதி வேலை? போர்ட் எழுதுனோமா, மாட்டுனோமான்னு இருக்கக்கூடாதா?” என்றாள் மனைவி. நான் செய்ததில் தப்பு என்ன என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒருவன் தினமும் வசவு வாங்கிக்கொண்டிருக்கிறான், அதை அவனிடம் சொல்லாமல் மறைத்திருந்தால் அது மட்டும் சரியா? இப்படி எனக்குள்ளேயே வாதாடினேன். மனம் ஒப்பவில்லை.

மூன்றாவது ஞாயிறு நானே சிடாம் கிரிக்குப் போனேன். மச்சினன் வாசலில் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தான். காய்ச்சல் வந்த ஆளாகத் தெரியவில்லை. உள்ளே கூப்பிட்டான். காப்பி கலந்து கொடுத்தான். நான் புகாரைப் பற்றிக் கேட்டேன். அவன் அதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தான்.

“மாமா, கோச்சுக்காதீங்க. நீங்க அன்னைக்கு அந்த அர்த்தத்தைச் சொன்னப்ப எனக்கு அவன் மேல கோவம் வரல. உங்க ஞாபகந்தான் வந்துச்சு.”

“என் ஞாபகமா? ஏன்?”

“கடையில நான் எழுத்துப் பிழை விட்டேனே. கிளினிக் போர்ட்ல. டாக்டர் முன்னாடி நீங்க என்ன சொன்னீங்க?”

எனக்கு உடனே ஞாபகம் வரவில்லை. அல்லது வந்ததை உடனே ஒப்புக்கொள்ள முடியவில்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய சங்கதி. அவனுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவனுக்குப் பதினொரு வயது. எங்களுக்குக் கல்யாணமாகி நாலு மாதம். அவன் எங்களோடு வந்துவிட்டான். பள்ளி முடித்ததும் என் கடையிலேயே வேலை செய்தான். ஆறு வருஷம் இருந்தான். பிறகு திடீரென்று தொழிற்சாலை வேலை கிடைத்துவிட்டது என்று போய்விட்டான். நல்லதுதானே என்று நானும் நினைத்தேன்.

“‘இவன் என் மச்சான். சோறு போட்டு வளத்தேன். ஒரு எழுத்து ஒழுங்கா வரல’ன்னு சொன்னீங்க,” என்றான். குரலை ஏற்றாமல், யாரோ இன்னொருவருக்கு நடந்ததைச் சொல்வது போலச் சொன்னான். “அப்புறமும் ரெண்டு மூணு தடவை யார்கிட்டயோ மச்சான் மச்சான்னு சொல்லுவீங்க. அதுல எப்பவும் அந்தச் சோறு இருக்கும். நான் கண்டுக்காத மாதிரி இருந்துடுவேன்.”

“நான் அப்படி நெனச்சுச் சொல்லலடா.”

“தெரியும் மாமா. அவனும் நெனச்சுச் சொல்லியிருக்க மாட்டான். அதுதான் எனக்கு ஒண்ணும் புரியல.”

காப்பி ஆறிப்போயிருந்தது. நான் அன்று மன்னிப்புக் கேட்கவில்லை. எதற்காகக் கேட்பது என்று யோசிப்பதற்குள் அவன் எழுந்து மோட்டார் சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டான். எப்போதோ சொன்ன ஒரு வார்த்தை இத்தனை வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறது. நான் அவனுக்கு மீன் தலையை எடுத்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே வழி, அர்த்தம் விசாரிப்பது. அதனால்தான் இவ்வளவும் வந்தது என்று தெரிந்தும் அதையே மறுபடி செய்தேன். அந்த நேப்பாளியைத் தேடிப் போனேன்.

அவர்கள் விடுமுறை நாளில் பட்டணத்துக்கு வந்தால் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள தமிழ் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் தேநீர் குடிப்பார்கள். கடைக்காரர் எனக்கு நெடுநாள் பழக்கம். அவருடைய பலகையும் என் கைவேலைதான். அவர் அடையாளம் காட்டிய மேசையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், கூட்டாளி ஒருவரோடு உட்கார்ந்திருந்தார். ஒல்லி, நல்ல உயரம். நான் யாருடைய மாமா என்று சொன்னதும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

“நான் கெட்ட வார்த்தை பேசவில்லை,” என்றார் உடைந்த மலாயில். “நான் சொன்னது சாலோ. கடைசியில் ஓ. என் மனைவியின் தம்பி எனக்குச் சாலோ. ஊரில் ஒருத்தன் இருக்கிறான். முதலில் கத்துவான், பிறகு தின்ன ஏதாவது கொண்டு வந்து வைப்பான். எங்கள் சூப்பர்வைசரும் அப்படியே. கன்வேயர் நின்றால் கத்துவார். பத்து நிமிஷத்தில் பிஸ்கட்டோடு வருவார். அதனால் சாலோ.”

“சாலா என்றால்?”

“அது வசவு.”

“என் மச்சினனுக்குச் சாலா என்றுதானே கேட்டிருக்கிறது?”

அவர் யோசித்தார். “ஒருத்தன் என்றால் சாலோ. நிறையப் பேர் என்றால் சாலா. அதுவும் வசவு இல்லை. எப்படிச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது.”

பக்கத்திலிருந்த கூட்டாளி அந்த இடத்தில் சிரித்தார். நேப்பாள மொழியில் ஏதோ சொன்னார். இவர் அவரைக் கையால் அடக்கினார். அந்தச் சிரிப்பு எதற்கு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இவர் சொல்வதை நம்ப எனக்கு விருப்பமாக இருந்தது. அந்த விருப்பமே சந்தேகத்தையும் கொடுத்தது. எச்சரிக்கைக் கடிதம் வாங்கிய மனிதர் வேறு என்ன சொல்லப் போகிறார்?

பேச்சை மாற்றினேன். கைப்பேசியில் கோவில் மரத்தின் படத்தைக் காட்டினேன். “இது சாலாவா?” என்றேன்.

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “இல்லவே இல்லை. எங்கள் ஊர்க்காடு முழுக்கச் சால் மரம். நெட்டையாக நேராகப் போகும். பூ சின்னதாக வெளிறிப்போய் இருக்கும், இந்த மாதிரி அடிமரத்தில் வராது. இலையை ஈர்க்கு வைத்துத் தைத்துத் தட்டு செய்வோம். கல்யாணம், பூசை எல்லாம் அதில்தான் சாப்பாடு.” பிறகு படத்தைத் திரும்பவும் பார்த்தார். “இதில் எப்படிச் சாப்பிடுவது?”

மறுநாள் கோவில் செயலாளரைக் கூப்பிட்டு, அந்த மரம் சாலா இல்லை, வேறு கண்டத்து மரம் என்று பணிவாகச் சொன்னேன். பலகையில் பிழை வந்தால் என் கடைக்குத்தான் கெட்ட பெயர் என்றும் சொன்னேன்.

“எங்கள் பழைய குரு சாலா என்று சொல்லி நட்டார்,” என்றார். “நான் பாவாடை கட்டிய நாளிலிருந்து அதற்கு விளக்கு வைக்கிறேன். இனிமேல் அதை வேறு எப்படிக் கூப்பிடுவது? நீங்கள் உங்கள் மொழியில் உங்கள் பெயரைப் போடுங்கள். எங்கள் மொழியில் எங்கள் பெயர் இருக்கட்டும்.”

“அடியில் தாவரவியல் பெயர்?”

“அதையும் போடுங்கள். யார் படிக்கப் போகிறார்கள்?”

அப்படியே செய்தேன். சயாமிலும் மலாயிலும் சாலா. தமிழில் நாகலிங்கம். சீனத்துக்கு அவர்களே எழுதிக் கொடுத்தார்கள், அதில் என்ன மரம் இருக்கிறதோ எனக்குத் தெரியாது. அடியில் இலத்தீனில் கூருபிட்டா கயனென்சிஸ். நான் இதுவரை செய்த பலகைகளில் எது சரி எது பிழை என்று எனக்கே சொல்லத் தெரியாத பலகை அது ஒன்றுதான்.

தேநீர்க் கடையில் கேட்டதை மச்சினனிடம் தொலைபேசியில் சொன்னேன். ஓவும் ஆவும், மனைவியின் தம்பி, பிஸ்கட் எல்லாவற்றையும். கூட்டாளி சிரித்ததை முதலில் விட்டுவிட்டேன். பிறகு மனம் கேட்காமல் அதையும் சொன்னேன். “சரி மாமா,” என்று வைத்துவிட்டான்.

பத்து நாள் கழித்து என் மனைவி மூலமாகச் செய்தி வந்தது. மச்சினன் அலுவலகத்துக்குப் போய், தான் தவறாகப் புரிந்துகொண்டதாக எழுதிக் கொடுத்து, அந்த ஆளைத் திரும்பத் தன் பகுதிக்கே கேட்டு வாங்கிவிட்டானாம். எழுதிக் கொடுத்ததை நம்பி எழுதினானா, அல்லது பிரச்சினை முடியட்டும் என்று எழுதினானா, அவளுக்கும் தெரியவில்லை.

பலகையை நிறுத்த வேண்டிய நாள் வந்தது. மரத்தில் ஆணி அடிக்கக்கூடாது என்று செயலாளர் சொல்லியிருந்ததால், தனியாக இரும்புக் கால் வைத்துச் சிமெண்டில் ஊன்ற வேண்டும். எனக்குத் தோள்பட்டை வலி. ஆள் தேடிக்கொண்டிருந்தபோது மச்சினனே கூப்பிட்டான். “ஞாயித்துக்கிழமைன்னா நான் வரேன் மாமா. கூட ஒரு ஆளைக் கூட்டிட்டு வரேன்,” என்றான். கூட வந்தவர் அந்த நேப்பாளி.

நான் வேனை ஓட்டினேன். அவர்கள் இருவரும் பின்னால் சாமான்களோடு உட்கார்ந்துகொண்டார்கள். முன்னால் இடம் இருக்கிறது என்று சொல்லியும் கேட்கவில்லை. வழி நெடுக மலாயில் பேசிக்கொண்டு வந்தார்கள். அந்த மனிதர் நடுநடுவே மச்சினனைக் கூப்பிடுவது காதில் விழுந்தது. கடைசி எழுத்து ஓவா ஆவா என்று தெரிந்துகொள்ள நான் வானொலியை அணைத்தேன். சன்னலை ஏற்றினேன். பின்னால் இரும்புக் கால் உருண்டு தட்டிக்கொண்டே இருந்தது. கடைசிவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. மச்சினன் மட்டும் ஒவ்வொரு தடவையும் “ஆங்” என்று பதில் கொடுத்தான்.

கோவிலில் குழி தோண்டும் இடத்துக்குச் செயலாளர் வந்தார். இவர்கள் யார் என்று கேட்டார். நேப்பாளியை மச்சினனின் சிநேகிதர் என்றேன். மச்சினனைச் சொல்ல வாயெடுத்தபோது தடுமாறிவிட்டேன். எந்தச் சொல்லைச் சொன்னாலும் அவனுக்கு அதில் சோறு கேட்டுவிடுமோ என்று பயமாக இருந்தது. “இவர் என் தம்பி,” என்று மலாயில் சொன்னேன்.

குழிக்குள்ளிருந்து மச்சினன் நிமிர்ந்தான். “தம்பி இல்லம்மா. இவர் என் அக்கா புருஷன். நான் மச்சினன்,” என்று அவரிடம் மலாயிலேயே திருத்தினான். கோபமாகச் சொன்னானா, உரிமையாகச் சொன்னானா என்று முகத்தைப் பார்த்தேன். மண் அப்பியிருந்தது. மறுபடி குனிந்துவிட்டான்.

வேலை முடிந்து செயலாளர் எங்களுக்கு மண்டபத்தில் சாப்பாடு போட்டார். நேப்பாளி சாப்பிட்டுவிட்டு மரத்தடிக்குப் போய்ப் பலகையில் தெரிந்த எழுத்து ஏதாவது உண்டா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேட்காத தூரத்தில் இருந்ததால் மச்சினனிடம் கேட்டேன். “அவன் உண்மையிலேயே என்ன அர்த்தத்துலதான் உன்னைக் கூப்பிடுறான்? கேட்டியா?”

“கேட்டேன் மாமா.”

“என்ன சொன்னான்?”

“அது எங்க ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்,” என்றான்.

இரண்டு மாதம் கழித்து ஒப்பந்தம் முடிந்து அந்த மனிதர் ஊருக்குப் போனார். மச்சினன் விடுப்பு எடுத்துக்கொண்டு பினாங்கு விமான நிலையம்வரை கொண்டுபோய் விட்டு வந்தான். இப்போதும் இருவரும் தொலைபேசியில் பேசிக்கொள்கிறார்களாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் மறுபடி வருகிறான். போன மாதம், மனைவி அடுப்படியில் இருந்தபோது, ஒரு வழியாகத் துணிந்து, “அன்னைக்கு நான் சொன்னதுக்கு என்னை மன்னிச்சுடுடா,” என்றேன்.

“எதைச் சொல்றீங்க மாமா?” என்றான்.

உண்மையிலேயே தெரியாமல் கேட்கிறானா, முழுவதையும் என் வாயாலேயே கேட்க விரும்புகிறானா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டில் எதுவானாலும் சொல்வது ஒன்றுதான் என்று பட்டது. கிளினிக் பலகை, டாக்டர் நின்றது, நான் சொன்ன வார்த்தைகள் என்று ஒன்று விடாமல் அவன் முன்னால் மறுபடி சொன்னேன். சொல்லும்போதுதான் அவை எவ்வளவு நீளமான வார்த்தைகள் என்று தெரிந்தது. அவன் கேட்டுக்கொண்டிருந்தான். முடிந்ததும் “ம்” என்றான். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, “அக்கா, ரசம் இருக்கா?” என்று கேட்டான்.